பத்தாவது ஆள்

ஸ்ரீரங்கத்தில் ஒரு யூதரைக் கண்டுபிடித்து ஜீயபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றால் யாருக்குத்தான் மண்டை காயாது? பெருமாளைத் தேடி அந்த ஊருக்கு வருகிறவர்கள் உண்டு. வாடகை வீடு தேடி வருகிறவர்கள் உண்டு. மாப்பிள்ளை தேடி வருகிறவர்கள்கூட உண்டு. திங்கட்கிழமை காலை பதினொரு மணி வெயிலில் ராஜகோபுரத்துக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, இந்தத் தேடலை எந்தத் தெருவிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேந்தப் பேந்த விழித்தவள் சுபலட்சுமி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

உறையூர்க்காரி. வயது இருபத்தெட்டு. கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கழிப்பறையும் தண்ணீர்த்தொட்டியும் கட்டிக் கொடுக்கிற ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை. பொங்கல் முடிந்த கையோடு மேலாளர் இன்னாசிராஜ் அவளைக் கூப்பிட்டார். பத்து யூத இளைஞர்கள், பாதிப் பேர் வெளிநாடு, மீதி வடக்கு, ஒரு மாதம் நம்மோடு வேலை செய்ய வருகிறார்கள்; சாப்பாடு, வேன், மொழிபெயர்ப்பு எல்லாம் நீதான் என்றார். அவர்களுடைய அமைப்பு வருஷா வருஷம் இப்படி ஒரு குழுவை எங்காவது அனுப்புமாம். பகலில் அந்த ஊருக்கு உழைப்பது, சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது. முன்பின் தெரியாத பத்துப் பேர் மாதக் கடைசியில் ஒரு குடும்பமாகத் திரும்புவார்களாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சுபா தலையை ஆட்டிவிட்டாள்.

ஜீயபுரத்தில் வாய்க்காலை ஒட்டின ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் அவர்களைத் தங்க வைத்தார்கள். முதல் நாளிலிருந்தே அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சமைக்கப் புதுப் பாத்திரம்தான் வேண்டும் என்றார்கள். சரி, நம் வீடுகளிலும் மடி ஆசாரம் பார்க்கிறவர்கள் உண்டு என்று வாங்கிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அதிலிருந்து சனிக்கிழமை பொழுது சாய்கிறவரை வேலை கிடையாது, செல்போன் கிடையாது, ஸ்விட்சைக்கூடத் தொடமாட்டார்கள். இது தெரியாமல் சமையல்கார வீரம்மாள், கரண்டு வீணாகிறதே என்று எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பத்துப் பேரும் இருட்டில் உட்கார்ந்து பாட்டுப் பாடியிருக்கிறார்கள். ஸ்விட்சைப் போடத் தயங்காத இரண்டு பேர்கூட மற்றவர்களுக்காகச் சும்மா இருந்தார்களாம். மறுநாள் சுபா பதறிக்கொண்டு மன்னிப்புக் கேட்டால், பாட்டு நன்றாக வந்தது என்று சிரிக்கிறார்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது அவளுக்குப் புரிந்திருக்கும்.

எண்ணுகிற விஷயம் ஒன்று இருந்தது. சுபாவின் அப்பா பிச்சை, டவுன் பஸ் கண்டக்டர். பாலக்கரை வழியாகப் போகிற பஸ்ஸில் முப்பது வருஷம். தலையை எண்ணாமல் விசில் ஊதமாட்டார். அந்தப் பழக்கம் மகளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் வேன் கிளம்பும்போது ஒவ்வொருவரையும் விரலால் சுட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். கனடாவிலிருந்து வந்த ஈத்தன், குழுவிலேயே ஆசாரம் அதிகம் பார்க்கிறவன், முகத்தைச் சுளித்தான். மனிதர்களை எண்ணக் கூடாதாம். எண்ணாமல் எப்படி ஆளைக் கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டாள். ஒன்றில்லை, இரண்டில்லை, மூன்றில்லை என்று எண்ணலாம், தப்பில்லை என்றான். எண்ணிக்கொண்டே எண்ணவில்லை என்பதா என்று அவளுக்குக் குழம்பியது. இருந்தாலும் மறுநாளிலிருந்து அப்படியே எண்ண ஆரம்பித்தாள். வேன் டிரைவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

மூன்றாவது வாரம் ஒரு பையனுக்கு மஞ்சள் காமாலை வந்து ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். வேனில் ஒன்பதில்லை என்பதோடு எண்ணிக்கை நின்றது. அதில் பெரிய சங்கடம் இருப்பதாக சுபாவுக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரிவ்கா வந்து பக்கத்தில் உட்காரும்வரை தோன்றவில்லை.

ரிவ்கா தானேயிலிருந்து வந்தவள். வீட்டில் மராத்தி பேசுகிறவள். மாநிறம், எண்ணெய் வைத்துப் பின்னின ஜடை, பருத்திச் சுடிதார். ஜீயபுரத்தில் அவளை சுபாவின் தங்கை என்றே நினைத்துக்கொண்டு, அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று அவளிடமே தமிழில் விசாரித்தார்கள். நம் பெண்ணைப் போலவே இருந்துகொண்டு யூதப் பெண்ணாகவும் எப்படி இருக்கிறாள் என்பது சுபாவுக்கே முதல் வாரம் முழுக்கக் குழப்பமாக இருந்தது. எங்கள் ஆட்கள் கொங்கணக் கரையில் வந்து இறங்கி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது என்று ரிவ்கா சொன்ன பிறகு, கேட்டதற்கு வெட்கப்பட்டாள்.

அவளுடைய அப்பா போன வருஷம் இறந்தார். முதல் வருஷ நினைவு நாள் இந்த வாரம். அன்றைக்குக் கதீஷ் என்று ஒரு துதி சொல்ல வேண்டும். அதைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்து யூதர்கள் ஒரே இடத்தில் நின்று ஆமென் சொன்னால்தான் அதற்கு வாய் திறக்கவே அனுமதி. ஒன்பது பேர் இருந்தால் என்ன, கொஞ்சம் குறைச்சலாகப் பலிக்குமா என்று சுபா கேட்டாள். ஒன்பது பேர் என்றால் யாருமே இல்லாத மாதிரி என்றாள் ரிவ்கா. நான் வந்து நிற்கிறேன், வீரம்மாளும் இருக்கிறாள் என்று சுபா சொல்லிப் பார்த்தாள். ரிவ்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

"எங்க ஊர்ல இருந்தா தொழுகைக் கூடத்துல சித்தப்பா சொல்லுவாரு. நான் மேல் மாடியில பொண்ணுங்க பக்கம் நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். எங்கப்பாவுக்கு நான் ஒரே பொண்ணு, சுபா. இந்தக் குழுவுலதான் பொண்ணுங்களையும் பத்துல சேர்க்கறாங்க. அதனாலதான் இந்த மாசமாப் பார்த்து வந்தேன். இப்ப ஒரு ஆள் குறையுது."

ஆங்கிலத்தில்தான் சொன்னாள். ஆனால் சொன்ன விதம் சுபாவின் நெஞ்சில் நேராகப் போய்த் தைத்தது. என்றைக்கு என்று கேட்டாள். தேதிக் கணக்கு இல்லை, நிலாக் கணக்கு, இந்த வருஷம் புதன்கிழமை வருகிறது, சாயங்காலத் தொழுகையில் சொல்வோம் என்றாள் ரிவ்கா. அட, திதி! மூன்று வாரத்தில் முதல் தடவையாக இந்த மனிதர்கள் சொன்ன ஒன்று சுபாவுக்கு விளக்கமே இல்லாமல் விளங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்காமல் எழுந்துவிட்டாள். கேட்டிருக்கலாம்.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் ஓசூரிலிருந்து தம்பி சிவசங்கர் போன் செய்தான். அம்மா போய் ஏழு வருஷம், அப்பா போய் இரண்டு வருஷம். அக்காவுக்கும் தம்பிக்கும் இப்போது பேச்சென்றால் இந்த மாதிரி விஷயங்கள்தான். அப்பாவின் திதி தை மாசம் தேய்பிறைத் துவாதசி. நீ காலண்டர் பார்த்துச் சொல்லுக்கா, லீவு போட்டுட்டு வந்து காவேரியில அம்மா மண்டபம் படித்துறையில தர்ப்பணம் கொடுத்துட்டுப் போயிடறேன் என்று போன வாரமும் சொல்லியிருந்தான். நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். போன வாரமும் அதையேதான் சொல்லியிருந்தாள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்குத் திரும்புகிறவளுக்குக் காலண்டர் எங்கே கண்ணில் படப்போகிறது?

ஆக, திங்கட்கிழமை. மூன்று லாட்ஜ்களில் ஏறி இறங்கினாள். யூதர்னா எந்த ஊர்க்காரங்க மேடம், ஆதார் இருக்குமா என்று ஒரு மேனேஜர் கேட்டார். காப்பிக் கடையில் வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று உட்கார்ந்திருந்தது. நேரே போய், நீங்கள் யூதர்களா என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மாளின் முகம் வெளுத்துப் போயிற்று. அந்த ஆள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஏன் கேட்கிறீர்கள் என்றார். அவர் கேட்ட விதத்தில்தான், இந்தக் கேள்வியை உலகத்தில் வேறு ஆட்கள் வேறு காரணத்துக்குக் கேட்டிருக்கிறார்கள் என்பது சுபாவுக்கு உறைத்தது. உடம்பெல்லாம் கூசியது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள்.

ரெங்கா ரெங்கா கோபுர வாசலில் பூ விற்கிற ரெங்கம்மாள்தான் வழி காட்டினாள். வெள்ளைக்காரர் யாராவது ரொம்ப நாளாகத் தங்கியிருக்கிறார்களா என்று கேட்டதற்கு, நம்ம வெள்ளைக்கார சாமி இருக்காரே, உத்தர வீதி மாடியில, அவரு எந்த மதத்துலேருந்து வந்தாருன்னு யாருக்குத் தெரியும், போய்க் கேட்டுப் பாரு என்றாள்.

போய்ப் பார்த்தால் மனிதர் நெற்றி நிறையத் திருமண் இட்டுக்கொண்டு, பஞ்சகச்சம் கட்டி, குடுமியும் முடிந்து, தரையில் உட்கார்ந்து துளசி தொடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நீலக் கண். போன் வைத்துக்கொள்வதில்லை என்று கீழ்வீட்டு மாமி முன்பே சொல்லியிருந்தாள். பதினோரு வருஷமாக இந்த வீதியில் இருக்கிறார். தினமும் மாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கிறார். ஆனால் சன்னிதிக்குள் போனதில்லை. இந்துக்களுக்கு மட்டும் என்று எழுதின பலகை வரைக்கும் போய், அங்கிருந்தே சேவித்துவிட்டுத் திரும்பிவிடுவாராம்.

சுபா இந்தத் தடவை சுற்றி வளைத்துத்தான் கேட்டாள். துளசியைத் தொடுத்த விரல்கள் நின்றன.

"அது பூர்வாசிரமம்," என்றார்.

சரி, ஆசாமி இவர்தான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் இவரைக் கூட்டிப்போவதா, விடுவதா? கையெடுத்துக் கும்பிடுவதா, கைகுலுக்குவதா? ஒன்றும் தெரியாமல் அவள் ரிவ்காவின் கதையைச் சொன்னாள். அப்பா, ஒரே மகள், ஒன்பது பேர். அவர் தலை நிமிராமல் கேட்டார். கதீஷ் என்ற சொல் வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்றைக்கு?"

"புதன்கிழமை சாயங்காலம். ஆறு ஆறரைக்குங்க."

"புதன் சாயங்காலமா? செவ்வாய் இல்லையே?"

"புதன்தாங்க. நிச்சயமா."

வரேன் என்றார். ஏன் வருகிறார் என்று அவரும் சொல்லவில்லை, செவ்வாயா என்று ஏன் கேட்டார் என்று இவளும் கேட்கவில்லை. படியிறங்கும்போதே, ஆள் கிடைத்தாயிற்று, நானே கூட்டிவருகிறேன் என்று ரிவ்காவுக்குச் செய்தி தட்டினாள். ரிவ்காவிடமிருந்து ஒரு வரிசை இதயங்கள் வந்தன. இருவருமே கிழமையைக் குறிப்பிடவில்லை. இருவருக்கும்தான் தெரியுமே.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறேகால் மணிக்கு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாலு தயிர் பாக்கெட் வாங்கிக்கொண்டு சுபா மண்டபத்துக்குள் நுழைந்தாள். எல்லாரும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். மேடையில் ஒரு கண்ணாடி டம்ளருக்குள் விளக்கு எரிந்தது. ஒன்பது பேரும் அவளைப் பார்க்கவில்லை; அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்கள்.

"எங்க அவரு?" என்றாள் ரிவ்கா.

"அவரு நாளைக்குத்தானே?"

ரிவ்கா அந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இன்னிக்குத்தான் சுபா. பொழுது சாஞ்சா புதன்கிழமை," என்றாள்.

ஈத்தன்தான் விளக்கிச் சொன்னான். அவர்களுக்கு நாள் பிறப்பது சூரியன் மறையும்போது. புதன்கிழமை என்பது செவ்வாய் சாயங்காலம் தொடங்கி, புதன் சாயங்காலம் முடிந்துவிடும். அவள் அந்த சாமியை வரச் சொன்ன நேரத்தில் ரிவ்காவின் அப்பாவுடைய நாள் முடிந்து போயிருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு ஏற்றுவதை மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். பொங்கலுக்கு முன்னால் போகி மாதிரி ஏதோ முன்னேற்பாடு என்று நினைத்திருந்தாள். சனிக்கிழமையே அப்போதுதான் பிறக்கிறது என்று அவள் புத்தியில் ஏறவே இல்லை. சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வீரம்மாள், விடியாம எப்படிம்மா நாள் பொறக்கும் என்றாள். சுபாவும் அப்படித்தானே நினைத்தாள்.

ரிவ்கா திட்டவில்லை. வாய்க்கால் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. சுபா தயிரைக் கீழே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். அடித்துப் பிடித்துக்கொண்டு உத்தர வீதிக்குப் போனால் மாடிக்கதவு பூட்டியிருந்தது. நந்தவனத்துக்குப் பூ எடுக்கப் போயிருக்கிறார், நாளைக்கு மத்தியானம்தான் வருவார், எந்த நந்தவனம் என்று தெரியாது என்றாள் கீழ்வீட்டு மாமி. போன் இல்லாத மனிதரை என்ன செய்வது? ராத்திரித் தொழுகை போயிற்று. மறுநாள் காலைத் தொழுகையும் போயிற்று. புதன்கிழமை சூரியன் மறைவதற்குள் பிற்பகல் தொழுகை ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் விட்டால் இனி அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் ரிவ்கா தானேயில் இருப்பாள், மேலே பெண்கள் பக்கம்.

புதன்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து அந்த மாடிப்படியில் தவம் கிடந்தாள். ஒரு மணிக்கு அவர் பூக்கூடையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அடியேன் அதனாலதான் கேட்டேன்," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனால் மாலையைக் கட்டி நாலு மணிக்குக் கோயிலில் சேர்த்துவிட்டுத்தான் வருவேன் என்பதில் மட்டும் அசையவில்லை. பெருமாளுக்கு ஒரு நாள் மாலை லேட்டாக வந்தால் என்ன என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். அவர் பூவைத் தொடுத்துக்கொண்டே இருந்தார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் அவளும் உட்கார்ந்து துளசியைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தாள். ஒரு யூதப் பெண்ணின் அப்பாவுக்காக ரங்கநாதருக்குத் துளசி கிள்ளுகிறோமே, இதில் யாருக்கு யார் புண்ணியம் என்று யோசித்தாள். ஒன்றும் புரியவில்லை.

நாலரைக்கு ஸ்கூட்டர் கிளம்பியது. பஞ்சகச்சத்தோடு பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்த வெள்ளைக்கார சாமியை, காவேரிப் பாலத்தில் பஸ்ஸுக்குள்ளிருந்து ஜனங்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கரூர் ரோட்டில் இரண்டு கரும்பு லாரிகள் வழியை அடைத்தன. ரயில்வே கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டி சாவகாசமாகப் போயிற்று. சுபா சூரியனையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சூரியன் எப்போது மறைகிறது என்று இவ்வளவு உன்னிப்பாக அவள் ஜென்மத்தில் கவனித்ததில்லை.

மண்டபத்தில் கால் வைத்தபோது மணி ஐந்தே முக்கால். அவரைப் பார்த்ததும் ஒன்பது பேரும் அப்படியே நின்றார்கள். திருமண், குடுமி, கழுத்தில் துளசி மணி. ஈத்தன் சுபாவைத் தனியாக அழைத்தான். இவரை எப்படிப் பத்தில் சேர்ப்பது, இவர் வேறு தெய்வத்தை வணங்குகிறவர் இல்லையா என்றான். இன்னொரு பெண், யூதராகப் பிறந்தவர் எங்கே போனாலும் யூதர்தான் என்றாள். அர்ஜென்டினாப் பையன் ஒருவன் மூன்றாவதாக ஒன்று சொன்னான். சடசடவென்று மூன்று பாஷையில் விவாதம் கிளம்பிற்று. ஈத்தன் விலகிக்கொண்டால் ஒன்பது. சாமியை விலக்கினாலும் ஒன்பது. வாழைத்தோட்டத்துக்கு மேலே சூரியன் சிவக்க ஆரம்பித்திருந்தது. அங்கே இவர் பலகைக்கு வெளியே நிற்கிறார், இங்கே வாசலுக்கு வெளியே நிற்கிறார், இவரை யார்தான் எண்ணுவார்கள் என்று சுபாவுக்கு ஆத்திரமாக வந்தது.

ரிவ்கா மட்டும் விவாதத்தில் சேரவில்லை. ஈத்தனிடம் போய், "எங்கப்பாவுக்கு, ஈத்தன்," என்றாள்.

ஈத்தன் நேரே சாமியிடம் போய், உங்கள் பெயர் என்ன என்று கேட்டான். அவர் இங்கத்துப் பெயரைச் சொல்லவில்லை. உதடு இரண்டு தரம் அசைந்தது.

"தானியேல்," என்றார். "தானியேல் பென் ஷ்முவேல்."

இன்னாருடைய மகன் இன்னார் என்று அர்த்தமாம். ஈத்தன் தன் பையிலிருந்து ஒரு சின்னத் தொப்பியை எடுத்துக் கொடுத்தான். குடுமிக்கு மேல் அது நிற்காமல் சரிந்தது. ரிவ்கா தன் கொண்டை ஊசி ஒன்றைக் கழற்றி நீட்டினாள். யாரும் சிரிக்கவில்லை.

சுபா சமையல்கட்டு நிலைப்படியில் வீரம்மாளோடு நின்றுகொண்டாள். மனசுக்குள் எண்ணினாள். ஒன்றில்லை, இரண்டில்லை. எண்ணி முடிக்கும்போது பத்தில்லை என்று வந்தது. அப்பா இருந்தால் விசில் ஊதியிருப்பார்.

தொழுகை வேகமாக நடந்தது. கடைசியில் ரிவ்கா ஒரு அடி முன்னால் வந்தாள். புத்தகத்தைப் பிரித்தாள். அவள் தொடங்கினாள். இந்தத் துதியில் இறந்தவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது, முழுக்கக் கடவுளைப் புகழ்வதுதான் என்று முன்பே சொல்லியிருந்தாள். அப்படியானால் எதற்கு இவ்வளவு பாடு என்று சுபா நினைத்திருந்தாள். இப்போது ரிவ்காவின் குரலைக் கேட்டபோது அந்தக் கேள்வி எங்கோ போய்விட்டது. மற்றவர்கள் ஆமென் என்றார்கள். இரண்டாவது வரியில் இன்னொரு குரல் சேர்ந்தது. ஆமென் சொல்ல வந்த மனிதர், புத்தகமில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, ரிவ்காவோடு சேர்ந்து கதீஷ் சொல்லிக்கொண்டிருந்தார். நடு நடுவே ஒரு வார்த்தை மறந்து போயிற்று. அப்போதெல்லாம் ரிவ்கா ஒரு கணம் நிறுத்தி அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். ஈத்தனின் ஆமென்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்டது.

முடிந்தபோது வெளியே சூரியன் இல்லை. ரிவ்கா ஓடிவந்து சுபாவைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். சுபாவுக்கும் அழுகை வந்தது. சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷம் மட்டும் இல்லை. வேறென்ன என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

சாமி பஸ்ஸிலேயே திரும்பிவிடுகிறேன் என்றார். ஸ்டாப் வரைக்கும் கொண்டுவிட்டாள். அவர் ஆமென் சொல்லத்தானே வந்தார், ஏன் கூடச் சேர்ந்து சொன்னார் என்று கேட்டுவிடலாமா வேண்டாமா என்று அவள் தவித்துக்கொண்டிருக்கும்போது அவரே சொன்னார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி தங்கை கடுதாசி போட்டிருந்தா, அப்பா போயிட்டார்னு. காவேரியில ஒரு முழுக்குப் போட்டேன். அதோட சரின்னு நினைச்சேன். எண்ணிக்கைக்குத்தான் இன்னைக்கு வந்தேன்மா. அந்தப் பொண்ணு ஆரம்பிச்சதும் வாய்ல தானா வந்துடுத்து."

பஸ் வந்தது. தொப்பியைக் கழற்ற மறந்து ஏறிப்போனார்.

உறையூர் வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தபோது ஏழரை. கதவைத் திறந்து லைட்டைப் போட்டாள். எதிர்ச் சுவரில் தினசரிக் காலண்டர் பொங்கலுக்கு மறுநாள் தேதியிலேயே நின்றது. மூன்று வாரம் அவள் ஒரு தாள் கிழிக்கவில்லை. செருப்பைக் கழற்றியதும் ஞாபகம் வந்து, நின்றபடியே ஒவ்வொன்றாகக் கிழித்தாள். தேய்பிறை தொடங்கிற்று. அஷ்டமி, நவமி, தசமி. ஏகாதசித் தாளைக் கிழித்ததும் அடியில் செவ்வாய்க்கிழமை இருந்தது. துவாதசி.

நேற்று. தயிர்ப் பாக்கெட்டோடு அந்த மண்டப வாசலில் நின்றாளே, இன்றைக்குத்தான் சுபா என்று ரிவ்கா சொன்னாளே, அதே நாள். யாரோ ஒருவருடைய அப்பாவின் நாளைக் குறி தவறாமல் பிடிக்க ஊரெல்லாம் அலைந்தவளுக்குத் தன் அப்பாவின் நாள் கண்முன்னாலேயே கடந்து போனது தெரியவில்லை. தலையை எண்ணாமல் விசில் ஊதாத மனிதர். அவரை எண்ண விட்டுப்போயிற்று. அந்தத் தாளையும் கிழித்தாள். கிழித்த தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பிறகு தம்பிக்குப் போன் போட்டாள். நேற்றே முடிந்துவிட்டது என்று சொன்னாள். நீ சொல்லலையேக்கா என்றான். நான் சொல்லல என்று ஒத்துக்கொண்டாள். சரி விடு, நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை தை அமாவாசை, திதி விட்டுப்போனால் அன்றைக்குக் கொடுக்கலாம் என்பார்கள், ஆனால் இவ்வளவு சடுதியில் லீவு கேட்டால் கிடைக்குமா தெரியவில்லை என்றான்.

"நீ கேட்டுப் பாரு. கிடைச்சா வா. கிடைக்கலைன்னாலும் நான் போறேன்."

"போயி?"

"நான் கொடுக்கறேன்."

மறுமுனையில் தொழிற்சாலைச் சத்தம் கேட்டது.

"பொண்ணுங்க கொடுக்கலாமாக்கா? அங்க இருக்கற ஐயரு யாராவது ஒத்துக்குவாங்களா?"

சுபா காலண்டரை நிமிர்ந்து பார்த்தாள். திரயோதசி என்று போட்டிருந்தது.

"தெரியலடா," என்றாள். "போயி நின்னு பார்க்கறேன்."